தங்கம்மைக்குப் பேர் வைத்தவள்

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்தவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் திடீரென்று, “அடுத்தவர் படைத்த பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கதை எழுதுகிறவன் எழுத்தாளனே அல்ல. அடுத்த வீட்டுக் கொடியில் காயும் வேட்டியை உடுத்திக்கொண்டு திரிகிறவன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முழங்கால் விடவில்லை. நான் நிமிர்ந்து நிற்பதற்குள் நன்றியுரையும் முடிந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் போதும். அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதியது எதிலும் அவள் தன் பெயரைப் போட்டுக்கொண்டதில்லை, நான் எதற்குப் போட வேண்டும்?

திருவிதாங்கூர் காலம். முப்பதுகளின் தொடக்கம். தக்கலைக்கு மேற்கே எங்கள் ஊர் மிஷன் வளாகத்தில் லேஸ் பின்னும் கூடம் ஒன்று இருந்தது. முப்பது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மடியில் உருண்டைத் தலையணையை வைத்து, அதன்மேல் துளையிட்ட அட்டையைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவோம். அது சீமைக்குப் போகும். அவளும் நானும் ஒரே வயது, அடுத்தடுத்த தலையணை. கறுத்து, உயர்ந்து, கழுத்து நீண்டிருப்பாள். புருஷன் கொழும்புக்குப் போனவன், போனவன்தான். வீட்டில் கண் தெரியாத அம்மை. லேஸ் கூலியில்தான் இரண்டு வயிறும் நிறைய வேண்டும், பாதி நாள் நிறையாது.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எந்தக் கதையையும் சொன்னவர் விட்ட இடத்தில் அவளால் விட முடியாது. சிறு பிள்ளையில் ஞாயிறு பள்ளியில் ஆசிரியர் ஒரு கதை சொல்லி முடித்தால் நாங்கள் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு வெளியே ஓடுவோம். அவள் உட்கார்ந்தே இருப்பாள். கதையில் எங்கேயோ ஒரு வரியில் கதவைத் திறந்துவிட்டுப் போன பெண்ணைப் பிடித்துக்கொள்வாள். “அவ ஆருக்க மக சார்? கதவத் தொறந்துட்டு எங்க போனா?” என்று கேட்பாள். ஆசிரியர், அது தேவையில்லை என்பார். “அவளுக்குத் தேவயில்லியா?” என்பாள். இதற்காக முட்டிபோட்டு நின்றிருக்கிறாள்.

அவள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மன் கோயில். கொடைத் திருவிழா சமயத்தில் உச்சிப் பூசைக்கு வில்லுப்பாட்டு நடக்கும். சபைக்காரர்கள் அங்கே போகக்கூடாது. அவள் போகமாட்டாள், வேலிக்கு இந்தப் பக்கம் ஓலை முடைகிற சாக்கில் உட்கார்ந்து முழுக்கக் கேட்பாள். மறுநாள் என்னிடம் வந்து சொல்வாள். “ஏட்டி, போன வருசம் பாடுன அதே கதைதான். ஆனா செத்தவளுக்கு இந்த வருசம் ஒரு தங்கச்சி வந்திருக்கா. என்ன அழுக அழுகா தெரியுமா! ஊரே சேந்து அழுவுது. தங்கச்சி எங்கேருந்து வந்தாண்ணு ஒருத்தனும் கேக்கல்ல.” வில்லுக்காரன் மேல் அவளுக்கு இருந்த மதிப்பு எங்கள் போதகர் மேல் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

கூடத்தில் மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு. கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா உறங்கப் போவார். அப்போது மதராசிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையை நான் சத்தமாக வாசிப்பேன். வாசகசாலைக்கு வருவதை இரவல் வாங்கி வருவோம். அதில் ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜமீன் வீடு, ஜமீன்தாருக்கு ஒரு மகள், மகளுக்கு ஒரு காதல். மகளின் அட்டிகை காணாமல் போகிறது. வேலைக்காரி மேல் பழி விழுகிறது. அந்த வேலைக்காரிக்குக் கதையில் பெயர் கிடையாது. முப்பது வாரமாக ‘வேலைக்காரி வந்தாள்’, ‘வேலைக்காரி போனாள்’ என்றே எழுத்தாளர் எழுதி வந்தார். அந்த வாரம், ‘பழியைத் தாங்கமாட்டாத வேலைக்காரி கொல்லைக் கிணற்றில் குதித்து மாண்டாள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த பத்தியில் மகள் நிலா வெளிச்சத்தில் வீணை வாசித்தாள். அட்டிகை அலமாரிக்குள்ளேயே கிடைத்துவிட்டது.

நான் பத்திரிகையை மடித்தேன். கூடத்தில் பாதிப்பேர் யார் வீட்டுக் கிணற்றிலாவது தண்ணீர் கோரிச் சுமந்தவர்களின் பிள்ளைகள்தான்.

“அவ்வளவுதானா?” என்றாள் அவள்.

“அவ்வளவுதான்” என்றேன்.

“கிணத்துல குதிச்சா செத்துப்போவணும்ணு எவன் சொன்னான்? அவளில்லியா அந்தக் கிணத்துல தெனமும் தண்ணி கோருனவ? எந்தக் கல்லு நீட்டிட்டு நிக்குது, எங்க கால் வைக்கணும், கோட காலத்துல தூர் வாரக் கெட்டுன கயிறு எந்தப் பக்கம் கெடக்குதுண்ணு அவளுக்குத் தெரியும். எழுதுனவனுக்குத் தெரியுமா? அவன் கிணத்தக் கண்டிருக்கானா?”

திங்கட்கிழமை காலையில் நாலு தாள் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நீலத் தாள். வெள்ளை லேஸ் பழுப்பேறாமல் இருக்க அதைச் சுற்றி வைக்கிற தாள், கிழிந்த துண்டுகளைத் தைத்து நோட்டாக்கியிருந்தாள். “இத வாசி” என்றாள்.

வாசித்தேன். வேலைக்காரி குதிக்கிறாள். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது. அடியில் போய்ச் சேற்றை மிதித்ததும் அவளுக்குச் சாக விருப்பமில்லை என்று தெரிந்துவிடுகிறது. நான் ஏன் சாக வேண்டும், நான் அட்டிகையை எடுக்கவில்லையே என்று நினைக்கிறாள். கல் கல்லாகப் பிடித்து ஏறி வருகிறாள். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்து வெடித்த உள்ளங்கையில் கல் உரசி எரிகிறது. மேலே வந்து சேலையைப் பிழிந்து கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் முன்வாசல் வழியாக வெளியே போகிறாள். அந்த வீட்டில் அவள் முன்வாசலில் கால் வைத்தது அன்றைக்குத்தான். வெளியே ஒருவன், நீ யார் என்று கேட்கிறான். ‘தங்கம்மை’ என்கிறாள்.

வீணை வாசித்த மகளை எனக்கு இப்போது ஓர்மையில்லை. அந்த உள்ளங்கை எரிச்சல் இன்றைக்கும் தெரிகிறது. அந்த ஜமீன் வீட்டுக்குள் முப்பது வாரம் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்த எழுத்தாளர், அடுக்களைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இவள் நாலு நீலத் தாளில் திரும்பினாள். கொடியில் காயும் வேட்டி என்றாரே மேடைக்காரர், அவரைக் கேட்கிறேன். இதை எந்தக் கொடியிலிருந்து உருவினாள் என்று காட்டட்டும்.

பிறகு ஒவ்வொரு வாரமும் கூடத்தில் இரண்டு கதை வாசிப்பேன், பத்திரிகையில் வந்ததும் அவள் எழுதியதும். பத்திரிகையை நான் எடுத்தாலே, “சீமாட்டி கத கெடக்கட்டு, தங்கம்மைய எடு” என்பார்கள். தங்கம்மை நடந்தாள், வேலை தேடினாள், கடற்கரைக்கு வந்தாள். இனயம் கடற்கரையிலிருந்து மீன் கொண்டு வருகிறவள் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்பாள். “அவளக் கருவாட்டுக் களத்துல நிறுத்தியிருக்கியே, காலுல செருப்பில்லாம உப்புல நிக்க ஒக்குமா? சாக்குத் துணி சுத்தணும், அத எழுது” என்று சொல்லிவிட்டுப் போவாள். அடுத்த வாரம் தங்கம்மை காலில் சாக்கு சுற்றியிருக்கும்.

ஞானப்பூ அக்காள் என்று ஒருவர் கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயது, எழுத்து தெரியாது, பேசவும் மாட்டார். கடற்கரையில் தங்கம்மைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் கிடந்தாள். நாலாம் வாரம் எழுந்து கஞ்சி குடித்தாள். அந்தச் சனிக்கிழமை ஞானப்பூ அக்காள் என் வீட்டுக்கு வந்து, “ஒரு துண்டு எழுதித் தா மக்கா, நாளைக்கு ஸ்தோத்திரக் காணிக்க வைக்கணும்” என்றார்.

எங்கள் சபையில் நோய் தீர்ந்தாலோ, பிள்ளை பிறந்தாலோ ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார்கள். முட்டை, தேங்காய், வாழைக்குலை, எதுவானாலும் ஒரு துண்டுத் தாளில் காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதகர் அதை வாசித்து ஜெபிப்பார். ஆராதனை முடிந்ததும் பொருளை வாசலில் ஏலம் விடுவார்கள்.

“ஆருக்காக அக்கா?”

“எனக்க பிள்ள தங்கம்மைக்கு. காச்சல் தீந்துதில்லியா. நேந்திருந்தேன். ஒரு கோழி.”

தெரியாமல் எழுதிவிட்டேன் என்று இங்கே சொல்லித் தப்பிக்கலாம். தெரிந்துதான் எழுதினேன். அந்த முகத்தைப் பார்த்து, அப்படி ஒருத்தி கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் போதகர் வாசித்தார். “கிணற்றில் விழுந்தும், கொடிய ஜுரத்தில் கிடந்தும், தேவகிருபையால் பிழைத்த தங்கம்மைக்காக ஸ்தோத்திரம். ஒரு கோழி.” சபை முழுக்க ஆமென் சொன்னது. லேஸ் பெண்கள் இரண்டு வரிசையும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னோம். அவள் என் தொடையைக் கிள்ளினாள், சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அழுதுகொண்டிருந்தாள். கோழி ஏலத்தில் போதகர் வீட்டுக்கே போயிற்று.

போதகர் மோசமானவராக இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். அவர் நல்லவர். பிழைத்து எழுந்த பெண்ணை வீட்டில் போய்ப் பார்த்து ஜெபம் பண்ண வேண்டும் என்று சபைப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். நாலைந்து தங்கம்மை அகப்பட்டார்கள். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் நடந்தார். யாரும் கிணற்றில் விழுந்திருக்கவில்லை. ஒருத்தி கணவன், என் பெண்டாட்டியைப் பற்றி யார் இப்படிக் கிளப்பியது என்று சண்டைக்கு வந்துவிட்டான். கடைசியில் கூடத்துக்கு வந்து ஞானப்பூ அக்காளிடமே கேட்டார்.

“அவ இப்போ இனயத்துல இருக்கா ஐயா” என்றார் அக்காள். “பொறவு எங்க போவாண்ணு வாற திங்களாழ்ச்ச தெரியும்.”

இப்படித்தான் நீலத் தாள் வெளியே வந்தது. போதகருக்குத் தலை சுற்றிவிட்டது. இல்லாத ஒருத்திக்காகத் திருச்சபை ஜெபம் பண்ணியிருக்கிறது, ஆமென் சொல்லியிருக்கிறது. கோழியும் குழம்பாகிவிட்டது. அவர் ஒழுங்கான மனிதர், பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். இரண்டு வாரத்தில் எழுத்தாளர் கையெழுத்தோடு ஒரு கார்டு வந்தது.

சபைக் கமிட்டி கூடியது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, எங்கள் சபைக் கோயில் பக்கத்து அறையில். போதகரும் மூன்று மூப்பர்களும். துண்டு எழுதியவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள், காணிக்கை வைத்தவர் என்று ஞானப்பூ அக்காளையும். அவளுக்கு வைத்த தீர்மானம் இதுதான். நீலத் தாள் கட்டு முழுவதையும் கொண்டுவந்து எல்லார் முன்பும் எரிக்க வேண்டும், பிறர் உடைமையை எடுத்துப் பொய்யைப் பரப்பினேன் என்று அடுத்த ஞாயிறு சபையில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் கூடத்தில் இனி வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வீட்டில் அடுப்பு இல்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

போதகர் கார்டை வாசித்தார். ‘அந்த வேலைக்காரி என் கற்பனையில் பிறந்தவள். என் கதையில் இறந்தவள். அவளை உயிர்ப்பிக்க எவருக்கும் உரிமையில்லை.’

அவள் கையை நீட்டிக் கார்டை வாங்கிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

“இதுல அவளுக்கப் பேரு இல்லியே ஐயா.”

“என்ன?”

“அவளுக்குப் பேரு என்னண்ணு அவரு எழுதல்ல. இண்ணைக்கும் வேலைக்காரிண்ணுதான் எழுதியிருக்காரு. பேரு தெரியாத பிள்ளைய எனக்குள்ளதுண்ணு சொன்னா ஐயா நம்புவியளா? ஞானஸ்நானத்துக்கு வந்தா மொதல்ல பேரத்தானே கேப்பிய?”

ஒரு மூப்பர் மேசையைத் தட்டினார். “களவுக்கு நியாயம் பேசாத. அடுத்தவரு கதை அது.”

“செரி. ஐயா கிறிஸ்மசுக்கு ஒரு கீர்த்தனை எழுதுனிய. நாங்க எல்லாரும் பாடுனோம். தாளுக்க மேல ‘இன்ன மெட்டு’ண்ணு போட்டிருந்தது. அந்த மெட்டு ஐயா போட்டதா?”

போதகர் முகம் சிவந்தது. அது ஒரு நாடகக் கம்பெனிக்காரன் போட்ட மெட்டு. தக்கலைச் சந்தையில் கொட்டகை அடித்து அவர்கள் பாடியதை ஊரே கேட்டிருக்கிறது.

“அது தேவ மகிமைக்கு” என்றார்.

“இது தங்கம்மைக்கு” என்றாள் அவள். “நான் ஒளிச்சு வச்சு எழுதல்ல. அவரு எழுதுனதையும் வாசிச்சோம், நான் எழுதுனதையும் வாசிச்சோம். அவரு கதையில ஒரு எழுத்த நான் அழிக்கல்ல. அவரு கிணத்துல தள்ளுனவள நான் தூக்குனேன். தள்ளுனது அவருக்கக் கற்பனைண்ணா தூக்குனது எனக்கக் கற்பனை. அது மட்டும் எப்பிடிப் பொய்யாவும்?”

ஞானப்பூ அக்காள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். அவர் கமிட்டி முன் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

“அப்போ எனக்க ஸ்தோத்திரம் செல்லாதா ஐயா?”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூப்பர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“செல்லும் அம்மா” என்றார் கடைசியில்.

ஆனால் போதகர் ஒருவர், மூப்பர் மூவர். தீர்மானம் மாறவில்லை. தாள் கட்டைக் கொண்டுவருகிறாயா என்று கேட்டார்கள்.

“கெட்டு எனக்கக் கையில இருக்கு. வேலை ஒங்க கையில இருக்கு. ஒங்களுக்குள்ளத நீங்க எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். தைரியமாக நடந்தாள் என்று எழுத ஆசைதான், பயந்துகொண்டுதான் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அம்மையையும் கூட்டிக்கொண்டு போனாள். ஜமீன் கதை கல்யாணத்தோடு முடிந்தது. கூடத்தில் அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. எல்லாரும் என்னைத்தான் பிடித்தார்கள். தங்கம்மை எங்கே, என்ன ஆனாள்? எனக்கு எப்படித் தெரியும் என்றால் விடவில்லை. “நீதானே வாசிச்ச, நீ எழுது.”

எழுதினேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதியது அதுதான். ஏழு தாள். அதில் ஜமீன்தார் மனம் திருந்தித் தங்கம்மையைத் தேடி வருகிறார். தங்கம்மை அவரை மன்னிக்கிறாள். பழைய வீட்டுக்கே திரும்பிப் போய், எல்லாரும் அவளை நேசிக்க, சமையலுக்கு நிற்கிறாள். எழுதி முடித்து நானே அழுதேன். அவ்வளவு உயர்வாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. கூடத்தில் வாசிக்கும் முன் அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன்.

தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றுகொண்டே வாசித்தாள். மெலிந்திருந்தாள். கையெல்லாம் ரப்பர் பால் உலர்ந்து தோல் உரிவது போல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் தாளில் முகம் மாறியது. ஐந்தாம் தாளை இன்னொரு தடவை வாசித்தாள். முடித்தபோது அவள் கண்ணில் நான் அதுவரை கண்டிராத கோபம்.

“அவள அந்த வீட்டுக்கா திரும்ப அனுப்புன?”

ஜமீன்தார் திருந்திவிட்டாரே என்று சொல்லப் போனேன், அவள் விடவில்லை.

“ஒவ்வொரு கல்லாப் புடிச்சு ஏறுனாளே. நீதானேட்டி வாசிச்ச? அந்த வீட்டு அடுக்களைக்கா? அவனுக்கு சோறு பொங்கவா?” குரல் உடைந்தது. அவளைக் கமிட்டியில் அழவைக்க முடியவில்லை, நான் அழவைத்துவிட்டேன்.

“தப்புதான். தா, கிழிச்சிருகேன்” என்று கையை நீட்டினேன்.

அவள் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு ஏழு தாளையும் வரிசைப்படுத்தி, ஓரம் தட்டிச் சரிசெய்து, என் கையில் திருப்பி வைத்தாள்.

“கிழிக்காண்டாம். எனக்கு இதுல ஒரு வரி பிடிக்கல்ல. ஒரு வரிகூடப் பிடிக்கல்ல. ஆனா இது ஒனக்கத் தங்கம்மை. எனக்குள்ளவ வேற எடத்துல இருக்கா. ரெண்டு பேரும் இருக்கட்டு.”

“நீ சொல்லு, மாத்தி எழுதுகேன்.”

“நான் சொல்லமாட்டேன். சொன்னா எனக்கும் அந்தக் கார்டு எழுதுனவனுக்கும் என்னட்டி வித்தியாசம்?” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “திங்களாழ்ச்ச கொண்டுபோய் வாசி. முணுமுணுக்காத, சத்தமா வாசி.”

சத்தமாகத்தான் வாசித்தேன்.